அரிசி மூட்டையில் வெள்ளிச் சொம்பு

நவம்பர் 20, புதன். ராமேஸ்வரம்

இருபத்திரண்டு பேர் வந்திருக்கிறோம். மாத்திரை டப்பா, கழுத்துத் தலையணை, குரங்குக் குல்லாய், முறுக்கு டின் எல்லாம் மறக்காமல் எடுத்து வந்திருக்கிறார்கள். மூளையை மட்டும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

யாத்திரைக் குழுவின் மேனேஜர் குஞ்சிதபாதம் என்னைப் பார்த்ததும் முகம் வெளிறி, சமாளித்துக்கொண்டு கும்பிட்டார்.

"வாங்க மேடம். இந்தத் தடவை நல்லபடியா சாமி கும்பிட்டுட்டு வருவோம். எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போன வருடம் பத்ரிநாத்தில் ஒரு அம்மாளின் காணாமல் போன சங்கிலியை அவளுடைய கம்பளிக் காலுறைக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் அவள் மருமகளைத் திருடி என்று சொல்லி முடித்திருந்தாள். எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. அறுபத்தேழு வயதில் தனியாக ஊர் சுற்றும் பொம்பளைக்கு வேறு வேலை இல்லை என்று பேசிக்கொண்டார்கள். இல்லைதான். முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்து, "நான்தான் இன்னார்" என்று சத்தியம் செய்யும் முகங்களைப் பார்த்தவள் நான். ஆள்மாறாட்டம் செய்ய வந்தவனை அவன் பேனாவைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தைப் பென்ஷனோடு சேர்த்து ஒப்படைக்க முடியவில்லை.

மாலையில் ஆளுக்கொரு மஞ்சள் துணி முடிச்சில் கடற்கரை மணல் கொடுத்தார்கள். அதைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணியில் கரைக்க வேண்டும். எனக்கு வேண்டாம் என்று பஸ் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். மணலை ரயிலில் மூன்று நாள் சுமக்க நான் ஒன்றும் செங்கல் சூளை நடத்தவில்லை.

இரவு உணவுக்குச் சமையற்காரர் சிங்காரம் முருங்கைக்கீரை அடை வார்த்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். பேச மாட்டார், அடுப்பைத்தான் பார்ப்பார். இந்தக் கூட்டத்தில் தன் வேலை தெரிந்த ஒரே ஆள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் அடையைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். பெயர் தில்லைநாயகம், மாயவரம், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மூன்று மாதத்துக்கு முன் இறந்த மனைவி மரகதத்தின் அஸ்தியைப் பிரயாகையில் கரைக்க வந்திருக்கிறார். கூட மகள் செண்பகவல்லி. முப்பத்தெட்டு வயது இருக்கும், கணவனைப் பிரிந்து அப்பா வீட்டில் இருக்கிறாளாம். அப்பா தும்மினால் கைக்குட்டை நீட்டுகிறாள். இப்படிப்பட்ட பெண்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

நவம்பர் 22, வெள்ளி. ரயில்

தில்லைநாயகத்தின் துக்கத்துக்கு நேர அட்டவணை உண்டு. காபிக்குப் பிறகு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை.

"நாப்பது வருஷமா காசிக்குப் போகணும், போகணும்னா. போனா ரெண்டு பேரும் சேந்துதான் போகணும்னு நான் வைராக்கியமா இருந்துட்டேன். அவ இல்லாம நான் மட்டும் எப்படிப் போவேன், சொல்லுங்க? இதோ, மொதத் தடவையா இப்பத்தான் போறேன். அவளைச் சொம்புல வெச்சுக்கிட்டு."

சொம்பைக் காட்டினார். வெள்ளி. வாயில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கும்பகோணத்து வேதவல்லி மாமி, "இந்தக் காலத்துல இப்படி ஒரு புருஷனா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். செண்பகவல்லி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கையெழுத்து வாங்குவதற்காக அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அழும்போது நடுவில் ஒரு கண்ணைத் திறந்து எதிராளியைப் பார்ப்பார்கள். இவரும் பார்த்தார்.

நவம்பர் 24, ஞாயிறு. பிரயாகை

மடத்தில் இறக்கிவிட்டார்கள். குளிர். செண்பகவல்லி ஒரு நூல் புடவையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் இருந்த இரண்டாவது ஸ்வெட்டரைக் கொடுத்தேன். பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அதனால்தான்.

தெருவில் சிவப்புக் கொய்யாப்பழம் விற்கிறான். உப்பு, மிளகாய்த்தூள் தடவிக் கொடுக்கிறான். எல்லோரும் பல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கடித்தார்கள். தில்லைநாயகம் மட்டும் வாங்கவில்லை. "சுகர்" என்றார். காலையில் சர்க்கரைப் பொங்கலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். மதியம் சாம்பாரில் இருந்த கத்தரிக்காய்த் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

எனக்கென்ன, எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 25, திங்கள். பிரயாகை

காலையில் பெரிய படகில் எல்லோரும் சங்கமத்துக்குப் போனோம். ஆளாளுக்கு மணல் முடிச்சை அவிழ்த்துக் கரைத்தார்கள். எண்ணுவது என் வியாதி. என்னைத் தவிர இருபத்தொரு முடிச்சு, இருபத்தொன்றும் அவிழ்ந்தன.

பிறகு தில்லைநாயகம் எழுந்து நின்றார். ஒரு சிறு சொற்பொழிவு. பையைத் திறந்தார். சிவப்புத் துணி இருந்தது. சொம்பு இல்லை.

படகு கவிழாதது கங்கை செய்த தயவு. "ஐயோ மரகதம்" என்று அவர் கத்த, இருபது பேர் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். புரோகிதர் தர்ப்பையை வைத்துச் சடங்கை முடித்தார்.

மதியம் மடத்தில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது சிங்காரம் சமையற்கட்டிலிருந்து வந்தார். கையில் வெள்ளிச் சொம்பு.

"சார், ஒலை வெச்சுட்டு அரிசி அள்ளப் போனேன். மூட்டைக்குள்ள இது கெடந்துச்சு. ஒங்களுதா பாருங்க."

சொம்பு காலி. உடனே வேதவல்லி மாமி ஆரம்பித்தாள். "பயந்துண்டு கொண்டுவந்து குடுக்கறான் பாருங்கோ! சாம்பலைக் கொட்டிட்டு வெள்ளியை எடுத்துண்டிருக்கான், பாவி!"

"அம்மா, பதினாலு வருஷமா இந்த வேல பாக்கறேன். ஒரு கரண்டி எடுத்ததில்ல" என்றார் சிங்காரம். அதற்குள் பத்துக் குரல்கள். திருடியவன் எதற்குத் தானே கொண்டுவந்து நீட்டுகிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கான சாமானைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்களே.

குஞ்சிதபாதம் தீர்ப்புச் சொன்னார். சிங்காரம் கயா வரைக்கும் சமைக்க வேண்டும், கயாவிலிருந்து தனியாக ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றே அனுப்பலாம்தான், ஆனால் நாளைக்குக் காலையில் காபி யார் போடுவது? திருடன் கையால் காபி குடிக்கலாம் என்று இருபத்தொரு பேரும் ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

நம் பக்கத்து யாத்திரைக் குழுக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அஸ்தியைக் கொட்டிவிட்டுச் சொம்பைத் திருடியவன் என்ற பெயரோடு ஊர் திரும்பினால், அந்த மனுஷனை இனி ஒரு அடுப்படியிலும் சேர்க்க மாட்டார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மூட்டை அரிசியில் சாம்பல் கலந்திருக்குமா என்பதைப் பற்றித்தான் பேசினார்கள். ராத்திரிக்குச் சோறு வேண்டாம், அரிசி உப்புமா போதும் என்றார்கள். அதே மூட்டை அரிசிதான். நான் சொல்லவில்லை.

குஞ்சிதபாதம் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "மேடம், நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்னு சொன்னீங்களே" என்றேன்.

நவம்பர் 26, செவ்வாய். காசி

புறப்படும் முன் மடத்துக் குளியலறை, சாக்கடை, கொல்லை, மொட்டை மாடி எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை. வெள்ளிக்கு ஆசைப்பட்டவன் சாம்பலைக் கண்ட இடத்தில் கொட்டுவான். இங்கே சாம்பலைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வெள்ளியை வீசியிருக்கிறார்கள். அப்படியானால் வெள்ளி வேண்டாத, சாம்பல் வேண்டிய ஆள் யார்?

மத்தியானம் அன்னபூரணி கோயில் வரிசையில் செண்பகவல்லி எனக்கு முன்னால் நின்றாள். என் ஸ்வெட்டருக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். கூட்டம் நெருக்கியதில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தெரிந்தது. அவளுடைய மணலை நேற்று அவள் கரைத்ததை நான் பார்த்தேன். ஆளுக்கு ஒரு முடிச்சுதான் கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது பஸ் சீட்டில் நான் வைத்துவிட்டு வந்த முடிச்சு மட்டும்.

"இன்னும் மணல் கரைக்கலையா?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தாள். அந்த முகமே வாக்குமூலம், பதிவே தேவையில்லை.

"மேடம், அப்பாகிட்ட..."

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் படித்துறைக்கு வா. குளிச்சுட்டு வா."

திருடியவளாவது தைரியமாகத் திருடியிருக்கலாம். வேறொருவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு வரிசையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். அப்பனுக்கு ஏற்ற பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 27, புதன். காசி

ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் வேதவல்லி மாமியின் குறட்டை. வேறு காரணம் இல்லை.

படகுக்காரன் பாதித் தமிழ் பேசினான். செண்பகவல்லியும் நானும் மட்டும். கரையை விட்டு விலகியதும் அவளே பேச ஆரம்பித்தாள்.

"அம்மா போறதுக்குப் பத்து நாள் முன்னாடி எங்கிட்ட சொன்னாங்க. 'அவரு கூட்டிட்டுப் போவாருன்னு நாப்பது வருஷம் உக்காந்திருந்துட்டேன். நீயாவது என்னக் காசிக்குக் கூட்டிட்டுப் போடி. செத்தப்பறமும் அவரு பையில மூட்டையாப் போக வேண்டாம் எனக்கு'ன்னாங்க. நான் கரைக்கிறேன்னு அப்பாகிட்ட கேட்டேன். பொம்பளப் புள்ள அஸ்தியத் தொடக்கூடாதுன்னுட்டார். பொட்டியத் தூக்குறது மட்டும் நான்தான் தூக்கணும்."

"சொம்பை ஏன் அரிசி மூட்டையில போட்ட?"

"முடிச்சுக்கு மாத்துனதும் யாரோ வர சத்தம் கேட்டுச்சு. நடையில மூட்டை வாய் தொறந்திருந்துச்சு. கைய உள்ள விட்டு அழுத்திட்டேன். அந்த அண்ணன் மேல பழி வரும்னு தோணவே இல்ல. சத்தியமா தோணல."

யோசிக்காமல் செய்தாள் என்பதை நம்புகிறேன். இந்தக் குழுவில் யோசித்துச் செய்யும் வழக்கம் யாருக்கும் இல்லை. ஆனால் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அது சமாதானம் ஆகாது. அதை அவளிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"திரும்பினதும் சொல்லிடறேன். அப்பா என்னை வீட்ட விட்டு அனுப்பிடுவார். பரவால்ல."

போக வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். சம்பளம் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். வேறு இடம் இல்லை.

"அம்மா என்ன பாவம் பண்ணுனாங்களோ அத்தை" என்றாள். எப்போது அத்தை ஆனேன் என்று தெரியவில்லை, திருத்தவும் இல்லை. "நான் வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம் அது. திடீர்னு ஒரு நாள் அப்பா கத்தரிக்காய ஒதுக்கி வெச்சுட்டார். அதுக்கு முன்னாடி அம்மா வெக்கிற எண்ணெய்க் கத்தரிக்காய்னா உசுரு. முருங்கைக்கீரையும் அப்படியே. ஏன்னு கேட்டா, வேண்டாம்னா வேண்டாம், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கையே கூசிப் போச்சு. ஒவ்வொரு கொழம்பையும் என்னைக் கூப்பிட்டு ருசி பாக்கச் சொல்லுவாங்க. 'என் கையில என்னடி கெட்டுப் போச்சு?'ன்னு கேப்பாங்க. பதினோரு வருஷம் கேட்டாங்க. சாகும்போதும் கேட்டாங்க."

கத்தரிக்காய், முருங்கைக்கீரை, கொய்யாப்பழம். கயாவுக்குப் போய்ப் பித்ரு காரியம் செய்தவர்கள் அங்கே ஆலமரத்தடியில் ஒரு காய், ஒரு கனி, ஒரு இலை என்று மூன்றை விட்டுவிட்டு வருவார்கள். சாகும்வரை அவற்றைத் தொடக்கூடாது. பிரியமானதை விட வேண்டும் என்பது விதி. காசிக்கே முதல் தடவையாக வருகிற மனிதர் அந்த மூன்றை எங்கே விட்டார்?

ஊர்ஜிதமாகாததை வெளியே சொல்வது என் வழக்கமில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். மந்திரம் தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது. "வந்துட்டோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரைத்தாள். சாட்சி ஒருவர் வேண்டும் அல்லவா, அதற்காக நான் உட்கார்ந்திருந்தேன். பனி அதிகம். கண்ணாடியை நாலைந்து தடவை துடைக்க வேண்டியிருந்தது.

கரைக்கு வந்ததும், கயா போகிறவரை யாரிடமும் எதையும் சொல்லாதே என்று அவளுக்கு உத்தரவு போட்டேன். சிங்காரத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

நவம்பர் 28, வியாழன். கயா

மதியம் வந்து சேர்ந்தோம். மற்றவர்கள் வெந்நீருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் பண்டா என்கிற தீர்த்தப் புரோகிதரைத் தேடிப் போனேன். கயா பண்டாக்கள் எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பேரேட்டில் எழுதி, வந்தவர் கையெழுத்தையும் வாங்கி வைக்கிறார்கள். நம் பதிவு அலுவலகத்தில் எலி தின்றது போக மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இவர்கள் சிவப்புத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். முதல் தடவையாக இந்தப் பயணத்தில் ஒரு விஷயத்துக்குத் தலை வணங்கினேன்.

மாயவரம் என்றதும் பண்டா ஒரு பேரேட்டுக் கட்டை எடுத்துப் பிரித்தார். அரை மணி நேரம் ஆனது. 2008, டிசம்பர். ஒரே வங்கிக் கிளையைச் சேர்ந்த எட்டு ஆண்கள். ஐந்தாவது கையெழுத்து தில்லைநாயகம். தமிழில், கடைசி எழுத்தில் ஒரு பெரிய வளையம் போட்டு. ராமேஸ்வரத்தில் மணல் முடிச்சு வாங்கும்போது அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அதே வளையம்.

பண்டாவிடம் அனுமதி கேட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 29, வெள்ளி. கயா

காலை ஏழு மணிக்கு, நாங்கள் தங்கியிருக்கும் மண்டபத்துப் பின்பக்கம் தில்லைநாயகத்தைத் தனியாகப் பிடித்தேன். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பதறுவார் என்று நினைத்தேன். சலித்துக்கொண்டார்.

"அது ஆபீஸ் டூர், மேடம். லேடீஸ் யாரையும் அழைச்சுக்கிட்டுப் போகல."

"சொல்லிட்டுப் போயிருக்கலாமே?"

"சொன்னா அவளும் வரேன்னு நிப்பா. ஆடிட்டுன்னு சொல்லிட்டுப் போனேன். வந்தப்பறம் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"கத்தரிக்காய்?"

"கயாவுல விட்டத மறுபடி தொடலாமா மேடம்? பாவமில்லையா?"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார். பதினோரு வருடம் ஒரு கத்தரிக்காயிடம் கொடுத்த வாக்கை ஒரு நாள்கூட மீறாத உத்தமர். என் நாற்காலிக்கு எதிரே எத்தனையோ போலிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தாங்கள் போலி என்பதாவது தெரியும்.

நான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுத வைத்தேன். துக்கத்தில் நினைவு தடுமாறி, பிரயாகையில் விடியற்காலையில் நானே போய் அஸ்தியைக் கரைத்துவிட்டேன், காலிச் சொம்பை அரிசி மூட்டையில் வைத்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது, சமையற்காரர் சிங்காரம் எந்தத் தவறும் செய்யவில்லை. கையெழுத்து, தேதி.

"இதப் படிச்சா அந்தப் படத்தக் காட்ட மாட்டீங்களே?"

"நான் காட்டவும் மாட்டேன், வாயைத் திறக்கவும் மாட்டேன். அஸ்தி சேர வேண்டிய இடத்துல சேந்துடுச்சு. அதுக்கு மேல கேள்வி கேட்கக்கூடாது. உங்க பொண்ணையும் கேட்கக்கூடாது."

அவர் கேட்கவில்லை. சாம்பல் எங்கே என்பதில் அவருக்கு அக்கறையில்லை, படம் எங்கே என்பதில்தான். கடிதத்தின் கீழே சாட்சி என்று நானும் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே நான் சாட்சி போட்ட முதல் பொய்ப் பத்திரம். தூக்கம் கெடும் என்று பயந்தேன், மத்தியானம் நன்றாகவே தூங்கினேன்.

எல்லோர் முன்பும் கடிதத்தைப் படித்தார். அழுதார். "துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சே மனுஷருக்கு" என்று மறுபடி எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். இதையும் ஒரு மாலையாக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். குஞ்சிதபாதம் சிங்காரத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். வேதவல்லி மாமி, "சரி சரி, சாம்பார்ல இனிமே கொஞ்சம் காரத்தைக் கொறச்சுப் போடு" என்றாள். அவள் அகராதியில் மன்னிப்புக்கு அதுதான் சொல்.

சிங்காரம் அடுப்படிக்குப் போனார். பெரிய அண்டாவின் பின்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எனக்கு மட்டும் ஒரு காபி வந்தது.

பதினோரு மணிக்கு ஆலமரத்தடி. ஒரு காய், ஒரு கனி, ஒரு இலை. போலிப் பத்திரம் நீட்டலாம், கடவுளும் ஒரு சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ்தான் என்று இந்தக் கூட்டம் நினைத்துவிட்டது. வேதவல்லி மாமி ஸ்ட்ராபெரியை விட்டாள். கும்பகோணத்தில் அவள் ஸ்ட்ராபெரியைக் கண்ணால் கண்டிருப்பாளா என்பதே சந்தேகம். தில்லைநாயகம் கோவைக்காய், முலாம்பழம், பொன்னாங்கண்ணி என்று புதிதாக மூன்று சொன்னார். நான் எதையும் விடவில்லை.

செண்பகவல்லி குஞ்சிதபாதத்திடம் இது என்ன வழக்கம் என்று கேட்டாள். அவர் விளக்கினார். "ஒரு தடவ விட்டா அவ்வளவுதாம்மா. வீட்டுல, வெளியில, எங்கயும் தொடக்கூடாது. சாகற வரைக்கும்."

"ஒரு காய், ஒரு பழம், ஒரு கீரையா?"

"ஆமாம்மா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்கவில்லை. மரமே சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? புரோகிதர் அவளிடம் எதை விடுகிறாய் என்று கேட்டார். "அப்பறம் சொல்றேன்" என்று நகர்ந்துவிட்டாள்.

நவம்பர் 30, சனி. கயா

மூன்று மணிக்கு ரயில். மதியச் சாப்பாடு மண்டபத்திலேயே.

காலையில் செண்பகவல்லி சிங்காரத்தோடு காய்கறிச் சந்தைக்குப் போனாளாம். அவரிடம் எதையெல்லாம் சொன்னாள் என்று தெரியாது. திரும்பி வந்ததும் அவர் தன் அடுப்பில் ஒன்றை அவளுக்கு விட்டுக் கொடுத்தார். சிங்காரம் அடுப்பை விட்டுக் கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவளே தூக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கத்தரிக்காய். ஒவ்வொரு இலையாகப் பரிமாறிக்கொண்டு அப்பா இலைக்கு வந்தாள். அவர் இலைக்கு மேலே கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம்மா."

"ஏம்ப்பா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

வேதவல்லி மாமி விடுவாளா? "நேத்து நீங்க கோவைக்காயைத்தானே விட்டேள்? கொழந்தை ஆசையாப் பண்ணியிருக்கா, சாப்பிடுங்கோ."

தில்லைநாயகம் என்னைப் பார்த்தார். நான் என் ரசத்தைப் பார்த்தேன்.

செண்பகவல்லி தூக்கைக் கீழே வைக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"எந்த வருஷம்ப்பா?"

தில்லைநாயகத்துக்கு வழக்கமாக வரும் இடத்தில் அழுகை வரவில்லை. தேடிப் பார்த்தார், வரவில்லை.

"ரெண்டாயிரத்து எட்டு" என்றார்.

"மொதத் தடவைன்னேளே!" என்றாள் வேதவல்லி மாமி. மற்றவர்களுக்கும் கணக்கு மெதுவாகப் புரிய ஆரம்பித்தது. இந்தக் கூட்டத்துக்குப் புரிவதென்றால் எவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும்!

"அம்மா ஒங்ககிட்ட கேட்டதத்தான் நானும் கேக்கறேன். அவங்க கையில என்னப்பா கொறை?"

"கொறைன்னு ஒண்ணும் இல்ல."

"சத்தமாச் சொல்லுங்க."

"ஒரு கொறையும் இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு."

இவ்வளவுதான். மூன்று வாக்கியம். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். மரகதம் உயிரோடு இருந்தபோது எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். அவருக்கு ஒரு கத்தரிக்காய்கூட நஷ்டமாகியிருக்காது.

செண்பகவல்லி அடுத்த இலைக்கு நகர்ந்தாள். ஒரு இலையையும் விடவில்லை. தில்லைநாயகம் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியாக என்னிடம் வந்தாள்.

"அத்தை, அம்மா வெக்கிற மாதிரி வந்திருக்கான்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

சாப்பிட்டுப் பார்த்தேன். புளி கொஞ்சம் தூக்கல், எண்ணெய் இன்னும் பிரிந்திருக்கலாம். நன்றாக இருக்கிறது என்று பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.